ஒரே ஊர், ஒரே வேலை

டாலஸிலிருந்து கிழக்கே 20ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் கிராம்ப்ளிங் வந்துவிடும். ஷ்ரீவ்போர்ட்டைத் தாண்டி வடக்கு லூசியானாவுக்குள் போகப் போக இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுநடுவே செம்மண் மேடுகள். ஊர் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பல்கலைக்கழகம், அதை ஒட்டிக் கொஞ்சம் வீடுகள், சில கடைகள். இந்த ஊரைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒரு சனிக்கிழமை காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டாவது படிக்கிறான், பள்ளி அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான்.

"அங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டான்.

"ஒரு கோச் இருந்தாரு" என்றேன்.

அவர் பெயர் எடி ராபின்சன். 1941இல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர், 1997 வரை வேறெங்கும் போகவில்லை. ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது சேர்ந்தார், கிளின்டன் காலத்தில் ஓய்வு பெற்றார். இந்த இருவரையும் சேர்த்துப் பதினோரு ஜனாதிபதிகள். 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா. ஒரே வேலை, ஒரே மனைவி என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர். கறுப்பினத்தவர், கிராம்ப்ளிங்கில் படித்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபுட்பால் பேச்சு வந்தால் மற்ற பயிற்சியாளர்களை எல்லாம் பெயர் சொல்லித்தான் பேசுவார். ராபின்சனை மட்டும் 'கோச்' என்பார், வேறு பெயரே கிடையாது. ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து 'ராபின்சன்' என்று கேட்டதில்லை. நம் ஊரில் சிலரை 'சார்' என்று மட்டும் சொன்னாலே யாரென்று எல்லோருக்கும் தெரியுமே, அந்த மாதிரி. அந்த ஒரு சொல்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

ராபின்சன் பிறந்தது 1919இல், லூசியானாவில் ஜாக்சன் என்ற சிறிய ஊரில். அப்பா பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். பிறகு குடும்பம் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு வந்தது. மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. அந்த நகரத்தில்தான் இருக்கிறது. கறுப்பினப் பையனுக்கு அதில் இடம் கிடையாது. கறுப்பின மாணவர்களுக்கான லீலண்ட் கல்லூரியில் சேர்ந்து, அங்கே களத்தில் அணியை நடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடினார். கோச்சாக வேண்டும் என்பது சின்ன வயதிலேயே அவருக்கு வந்துவிட்ட ஆசை. ஆனால் பட்டம் வாங்கிவிட்டு வெளியே வந்தபோது கிடைத்தது மாட்டுத் தீவன மில்லில் கூலி வேலை, மணிக்கு 25 சென்ட். கல்யாணமும் அந்த வருடமே நடந்துவிட்டது.

மாநிலத்தின் வடக்கே கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரியில் கோச் தேடுகிறார்கள் என்ற செய்தி மனைவி டோரிஸின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்தது. அப்போது அந்தக் கல்லூரிக்குக் கிராம்ப்ளிங் என்ற பெயர்கூடக் கிடையாது, அரசாங்கத் தாள்களில் நீளமாக வேறொரு பெயர் இருந்தது. அதன் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். அவரே கல்லூரியின் பேஸ்பால் கோச்சும்கூட. 22 வயதுப் பையனை வேலைக்கு எடுத்தார். சம்பளம் மாதம் 63 டாலர் 96 சென்ட்.

அந்தச் சம்பளத்துக்கு அவர் செய்த வேலைகளைச் சொல்ல வேண்டும். உதவிக் கோச் யாரும் கிடையாது. ஒத்தாசைக்கு இருந்த ஒரே ஆள் கல்லூரியின் இரவுக் காவலாளி. மைதானத்துப் புல்லை வெட்டினார், கோடு போட்டார், பையன்களின் கணுக்காலுக்குப் பட்டை கட்டினார், பஸ் ஓட்டினார், பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் பயிற்சி கொடுத்தார். ஆட்டம் முடிந்தபிறகு உட்கார்ந்து அதைப் பற்றிய செய்தியை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதும் அவர்தான். அவர் எழுதாவிட்டால் அப்படி ஒரு ஆட்டம் நடந்தது என்பதே வெளியே தெரியாது. வெள்ளையர் பத்திரிகைகள் கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டத்துக்கு ஆள் அனுப்பிய காலமில்லை அது.

முதல் வருடம் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறுவருடம், 1942இல், ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 23 வயதுக் கோச்!

அப்புறம் போர் வந்தது. இளைஞர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போனார்கள், கல்லூரியில் இரண்டு வருடம் ஆட்டமே நின்றுபோனது. அந்தச் சமயத்தில் ராபின்சன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் அணியைப் பார்த்துக்கொண்டார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த சகோதரர்களை அவர்களின் அப்பா திடீரென்று அணியிலிருந்து நிறுத்திவிட்டார். பருத்தி எடுக்கும் பருவம், வீட்டில் ஆள் வேண்டும். ராபின்சன் அந்த மனிதரிடம் வாதம் செய்யவில்லை. மொத்த அணியையும் அழைத்துக்கொண்டு போய் வயலில் இறக்கினார். எல்லோருமாகச் சேர்ந்து பருத்தி எடுத்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது, பையன்கள் ஆட வந்தார்கள், அந்த அணி சாம்பியன்ஷிப்பும் வென்றது. வாரத்துக்குப் பயிர் செய்தவர் மகன் இல்லையா, அந்த அப்பாவின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு விஷயம். கிரிக்கெட்டில் களத்தில் முடிவெடுப்பது கேப்டன். அமெரிக்க ஃபுட்பாலில் கோச்தான் எல்லாம். பந்து கைக்கு வந்ததிலிருந்து யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரை மறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வரைந்து, பெயரிட்டு, மனப்பாடம் செய்யப்பட்டது. பதினோரு பேரில் ஒருவன் அரை அடி தப்பாக நின்றாலும் நகர்வு கெட்டுவிடும். ராபின்சன் பயிற்சியில் ஒரே நகர்வைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். பிசகு இல்லாமல் வரும்வரை அடுத்ததற்குப் போக மாட்டார்.

பயிற்சி மைதானத்தோடு முடிந்துவிடாது. விடிகாலையில் மாட்டு மணி ஒன்றை ஆட்டிக்கொண்டே ஹாஸ்டல் வராந்தாவில் நடப்பார். பையன்கள் எழுந்து வகுப்புக்குப் போக வேண்டும். தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் ஆடியவர்கள், ஃபுட்பாலின் மிகப் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள் எல்லாம் அந்த மணிச் சத்தத்துக்கு எழுந்தவர்கள்தான். வகுப்புக்குப் போகாதவனுக்கு அணியில் இடமில்லை. வெளியூர் போகும்போது கோட்டும் டையும் கட்ட வேண்டும். முள்கரண்டியை எப்படிப் பிடிப்பது, வேலைக்கான நேர்காணலில் எப்படி உட்கார்ந்து பேசுவது என்பதுகூடப் பாடம். இதைப் படித்தபோது எனக்கு முதலில் கொஞ்சம் உறுத்தியது. எதற்காக இந்தப் பையன்கள் இவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்று கோபமாக இருந்தது. அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கக் கூடாது என்று கோச் நினைத்தார்" என்றார்.

அந்த வராந்தாவைவிட என் மனதில் அதிகம் தங்கிவிட்டது பஸ். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் தெற்கு மாநிலங்களில் ஒரு பஸ் நிறைய கறுப்பின இளைஞர்கள் பயணம் செய்வது சாதாரண விஷயமில்லை. நெடுஞ்சாலையோரத்து உணவகம் எதிலும் அவர்களை உட்கார விட மாட்டார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் கழிவறையைத் திறந்துவிட மாட்டார்கள். லாட்ஜில் அறை கிடையாது. அதனால் புறப்படுவதற்கு முன்னாலேயே சாண்ட்விச் செய்து கட்டிக்கொண்டு போவார்கள். அதைச் செய்ததும் ராபின்சன்தான். யோசித்துப் பாருங்கள், அடுத்த நாள் பெரிய ஆட்டம். மனதில் திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு தலைமைக் கோச் மேஜை முன் நின்று ரொட்டியை அடுக்கி, நடுவில் இறைச்சித் துண்டை வைத்து, தாளில் சுற்றிச் சுற்றி வைக்கிறார். ஓர் அணிக்கு எத்தனை பேர், வளர்ந்த பையன்கள் ஆளுக்கு எத்தனை சாப்பிடுவார்கள்! அந்தப் பையன்களுக்குப் பசி தெரியக் கூடாது என்பது மட்டுமில்லை. ஒரு கடை வாசலில் நின்று 'உங்களுக்குக் கிடையாது' என்று கேட்டுவிட்டுத் திரும்பும் அந்த ஒரு நிமிடம் அவர்களுக்கு வராமல் பார்த்துக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1949இல் முதல் கதவு திறந்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து அதுவரை யாரும் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் ஆடியதில்லை. டேங்க் யங்கர் என்ற கிராம்ப்ளிங் வீரரை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி எடுத்தது. போகும் முன் ராபின்சன் அவரிடம் சொல்லி அனுப்பியதன் சாரம் இதுதான்: நீ தோற்று வந்தால் அடுத்த பையனுக்கு வாய்ப்பு எப்போது வரும் என்றே தெரியாது. இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞன் தலையில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றலாமா? ஏற்றினார், யங்கரும் சுமந்தார். பத்து வருடம் ஆடினார், நான்கு முறை, சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் போனார்கள். வில்லி டேவிஸ், பக் புக்கானன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மொத்தத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சின்ன ஊரிலிருந்து தொழில்முறை ஃபுட்பாலுக்குப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கதவு மட்டும் சாத்தியே இருந்தது. குவார்ட்டர்பேக் இடம். அணியின் மூளை அவன்தான். எதிரணி நிற்பதைப் பார்த்து ஒரு நொடியில் முடிவெடுப்பவன், மற்ற பத்துப் பேருக்கும் கட்டளை கொடுப்பவன். கறுப்பினத்தவனுக்கு அந்த அளவுக்கு யோசிக்க வராது, வெள்ளை வீரர்கள் அவன் சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்று அணி நடத்தியவர்கள் நினைத்தார்கள். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காகக் கலக்கிய கறுப்பின வீரர்களை எடுத்து, வேறு இடத்தில் ஓட விடுவதே வழக்கம். ராபின்சன் தானே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். இது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மன்ரோ என்ற பக்கத்து ஊரிலிருந்து ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பையன் வந்தான். என்.எஃப்.எல்.லில் நீ குவார்ட்டர்பேக்காக ஆடுவாய், அதற்குத் தயார் செய்கிறேன் என்று சொல்லியே ராபின்சன் அவனை வளர்த்தார். 1969இல் அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, ஹாரிஸ் இடம் மாற ஒத்துக்கொள்ளாததால் எட்டாவது சுற்று வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பஃபலோ அணி எடுத்தது. அந்த வருடத்தின் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். ஹாரிஸுக்குப் பிறகு டக் வில்லியம்ஸ். 1978இல் டாம்பா பே அணிக்குப் போனவர், ஐந்து வருடம் அங்கே உழைத்தார். மற்ற அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களைவிடக் குறைந்த சம்பளம் அவருக்கு. மனம் வெறுத்து வெளியேறினார்.

1988 ஜனவரி 31, சான் டியாகோ. வாஷிங்டன் அணிக்காக வில்லியம்ஸ் சூப்பர் போலில் இறங்கினார். முந்தின நாள்தான் அவசரமாகப் பல்லில் வேர் சிகிச்சை. முதல் கால்பகுதியில் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார், எதிரணியான டென்வர் 10-0 என்று முன்னால் போனது. இரண்டாவது கால்பகுதியில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். அந்தப் பதினைந்து நிமிட ஆட்டத்தில் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் சேர்க்கும் டச்டவுன் பாஸ் நான்கு வீசினார், அணி 35 புள்ளிகள் எடுத்தது. ஆட்டம் முடிந்தபோது 42-10. சூப்பர் போல் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக், ஆட்ட நாயகனும் அவரே. அந்தக் காட்சியை என் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். கீழே விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் இடம் வந்ததும் அவன் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். ராபின்சன் அன்று அரங்கத்திலேயே இருந்தார். தன் பையனைக் கட்டிக்கொண்டார். வீட்டில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இனி எனக்குக் கஷ்டமாக இருக்கும் பகுதி. 1970க்குப் பிறகு தெற்கின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கின. அதுவரை ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு லூசியானாவில் இருந்த வழிகளில் மிகச் சிறந்தது கிராம்ப்ளிங். இப்போது எல்.எஸ்.யூ. கூப்பிடுகிறது, அலபாமா கூப்பிடுகிறது. பெரிய அரங்கம், தொலைக்காட்சி, பணம். எந்த அப்பா அம்மாவும் பிள்ளையை அங்கேதானே அனுப்புவார்கள்? ராபின்சன் வாழ்நாளெல்லாம் திறக்க வேண்டும் என்று உழைத்த கதவு திறந்தது. அதன் வழியாக அவருடைய அணிக்கு வர வேண்டிய பையன்கள் வெளியே போனார்கள். அமெரிக்கா தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவர் பேசியதே இல்லை. இந்த நாட்டின் மேல் என்னைவிடப் பற்றுள்ளவன் எவனும் இல்லை என்ற மாதிரிதான் கடைசி வரை பேசினார். இளம் வயதுக் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கோபமும் நியாயமானதுதான். ஆனால் கதவுகளை வெளியிலிருந்து உடைப்பவர்கள் வேண்டும் என்றால், உடைந்ததும் உள்ளே போய் நிற்கத் தயாரான ஆட்களும் வேண்டுமே. இந்த இரண்டாவது வேலையை அந்தச் செம்மண் ஊரில் உட்கார்ந்து ஒருவர் செய்துகொண்டிருந்தார்.

1985 அக்டோபர் 5 அன்று டாலஸில், எங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் காட்டன் போல் அரங்கத்தில், அவருடைய 324ஆவது வெற்றி. அலபாமா பல்கலைக்கழகத்தின் கோச் 'பேர்' பிரையன்ட் வைத்திருந்த 323 என்ற சாதனை முறிந்தது. சின்னக் கல்லூரிகளோடு ஆடி எடுத்த வெற்றிகளை பிரையன்டின் வெற்றிகளோடு ஒப்பிடலாமா என்று அப்போதே கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். சின்னக் கல்லூரிகளோடு மட்டும் ஆட வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அந்தக் காலத்தில் அலபாமா இவர்களோடு ஆட வந்திருக்காது. பிரையன்டின் அணியிலேயே 1971 வரை கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இறங்கியதில்லை. என்.எஃப்.எல்.லில் நவீன காலத்தின் முதல் கறுப்பினத் தலைமைக் கோச்சாக ஆர்ட் ஷெல் வந்தது 1989இல். அதற்குள் ராபின்சனுக்கு வயது 70.

கடைசி வருடங்கள் நன்றாக இல்லை. 1996இல் மூன்று வெற்றி, எட்டுத் தோல்வி. போகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன, பழைய மாணவர்களிடமிருந்தே எழுந்தன. ஒரேயடியாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு வந்த பிறகு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். 1997லும் அதே மூன்று, அதே எட்டு. அவருக்கு முன்பே யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம், அவரும் கேட்டிருக்கலாம். 77 வயதில் ஒரு மனிதர் தான் கட்டிய வீட்டிலேயே இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்கும் நிலை வந்திருக்கக் கூடாது. அந்த இடத்துக்கு அடுத்த கோச்சாக வந்தது டக் வில்லியம்ஸ் என்பது ஒரு ஆறுதல்.

ஓய்வுக்குப் பிறகு அல்சைமர் வந்தது. 408 ஆட்டங்களை ஜெயித்தவருக்கு நினைவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2007 ஏப்ரல் 3 அன்று, பக்கத்து ஊரான ரஸ்டனில் இறந்தார். பேட்டன் ரூஜில், மாநிலத் தலைமைக் கட்டிடத்தில் உடலை வைத்தார்கள். மாட்டுத் தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட்டுக்கு வேலை பார்த்த அதே நகரம். ஆயிரக்கணக்கில் வந்து வரிசையில் நின்றார்கள்.

நாங்கள் போன அன்று அவர் பெயரைத் தாங்கிய அரங்கத்தில் ஆட்டம் எதுவும் இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவன் கேட்ட ஒரே கேள்வி, "கோடெல்லாம் அவரே போடுவாராப்பா?" என்பதுதான். ஆமாம், ஆரம்பத்தில் அவரேதான் போட்டார் என்றேன்.

திரும்பும்போது 20ஆம் எண் சாலைக்குப் போகாமல் பழைய 80ஆம் எண் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் வந்தேன். புதுச் சாலை வருவதற்கு முன் இந்தப் பகுதியின் பெரிய வழி அதுதான், அணியின் பஸ்ஸும் அதில் போயிருக்கும். வழியில் சின்னதாக ஒரு உணவகம், வாசலில் இரண்டு டிரக். உள்ளே போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். பரிமாறிய அம்மா தண்ணீர் வைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். மகன் ஒரு சாண்ட்விச் சொன்னான், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். கழிவறை எந்தப் பக்கம் என்று அந்த அம்மாவிடம் கேட்டான். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவன் போனான்.